மாடிப் போர்ஷன் பட்டதாரி

அவள் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால், எந்தெந்த இடத்தில் தவறாகச் சொல்லியிருக்கிறேன் என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புவாள். அவளுடைய வாய்ஸ் மெசேஜை ஓடவிட்டால் சோறு வடித்து, குழம்பு தாளித்து, பையனுக்குத் தலை சீவி முடிக்கும்வரை ஓடும். நடுவில் நிறுத்தலாம்தான். ஆனால் நிறுத்திய இடத்தில்தான் ஏதாவது முக்கியமாகச் சொல்லியிருப்பாளோ என்று எனக்குச் சந்தேகம் வந்துவிடும்.

ஓசூரில் தொழிற்பேட்டைக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வீட்டில் கீழே மூன்று போர்ஷன், மேலே ஒன்று. மேலே அவளும் அவள் அம்மாவும். கல்லாவியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். அம்மாவுக்கு ஒரு கம்பெனி கேன்டீனில் வேலை. அவள் கிருஷ்ணகிரிப் பக்கம் கன்னியாஸ்திரிகள் நடத்தும் பெண்கள் கல்லூரியில் சமூகப் பணி படித்துக்கொண்டிருந்தாள். காலையில் தலையைப் பின்னிக்கொண்டே ஓடிப் போய்க் கல்லூரி பஸ்ஸைப் பிடிப்பாள். மாலையில் திரும்பியதும் அன்று வகுப்பில் நடந்த பாடத்தை யாருக்காவது கொடுத்தாக வேண்டும். மறுநாள்வரை வைத்திருந்தால் பால் மாதிரி திரிந்துவிடும் என்று நினைத்தாளோ என்னவோ.

சுகாதாரப் பாடம் நடந்த நாளில் தண்ணீர்த் தொட்டியை ஏன் மூடி வைக்க வேண்டும் என்று துணி துவைத்துக்கொண்டிருந்த ஓனரம்மாவிடம் பேசுவாள். நுகர்வோர் உரிமை நடந்த நாளில் காய்கறி வண்டிக்காரரின் தராசைத் தூக்கிப் பார்ப்பாள். பெண்களுக்கான சட்டங்கள் ஆரம்பித்த அன்று, என் கணவர் பைக்குக்கு ஸ்டாண்டு போடும்வரைகூட அவள் பொறுக்கவில்லை.

வீட்டு ஓனரம்மா தெலுங்குக்காரர். அவளைக் காலேஜு என்றுதான் கூப்பிடுவார்.

"ஏ காலேஜு, இன்னைக்கு யாருக்குப் பாடம்? எனக்குன்னா சுருக்கா முடிச்சிடு. பருப்பு அடுப்புல இருக்குது."

நான் ஒருமுறை, யாராவது கேட்டால் சொல்லலாமே, கேட்காதவர்களிடம் ஏன் போய்ச் சொல்கிறாய் என்று கேட்டேன். அவள் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"கேட்டா சொல்றதுக்கு போனு இருக்குதுக்கா. கேக்காதவங்களுக்குத்தான் நாங்க இருக்கறம்."

அந்த 'நாங்க'வில் அவளும் கல்லூரியும் எல்லாக் கன்னியாஸ்திரிகளும் இருந்தார்கள். அவள் கிறிஸ்தவப் பெண் இல்லை. காலையில் நெற்றியில் விபூதி பட்டையாக இருக்கும். ஆனால் சாப்பிடும் முன் சிஸ்டர்களைப் போலவே கண்ணை மூடிக் கையைக் கோத்து ஒரு ஜெபம் சொல்லுவாள். பானிபூரி வண்டி முன்னால் நின்றும் சொல்லியிருக்கிறாள். வண்டிக்காரப் பையன் கையில் பூரியோடு காத்திருந்தான். "நீ எந்த சாமிம்மா?" என்று ஓனரம்மா கேட்டதற்கு, "ரெண்டு பேரும் கேட்டா நல்லதுதான ஆன்ட்டி, ஒருத்தர் லீவுன்னாலும் இன்னொருத்தர் இருப்பாரு" என்றாள். என் வீட்டுச் சாமி அலமாரியைப் பார்த்தபோது இந்த யோசனை எனக்கு ஏன் வரவில்லை என்று தோன்றியது.

இரண்டாம் வருடத்தில் கவுன்சிலிங் என்ற பாடம் வந்தது. எங்கள் காம்பவுண்டு அதிலிருந்து தப்பிக்கவே இல்லை. எதிராளி சொல்வதைத் திருப்பிச் சொன்னால் அவர் மனம் திறப்பார் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள்போல. முதலில் மாட்டியவர் என் கணவர். ஷிப்டு முடிந்து வந்து வாசல்படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"என்னண்ணா, ஒரு மாதிரி இருக்கீங்க?"

"ஒண்ணுமில்லம்மா. டயர்டு."

"நீங்க டயர்டா இருக்கறதா உணர்றீங்க."

"ஆமா. அதத்தான் சொன்னேன்."

"அதத்தான் சொன்னதா சொல்றீங்க."

அவர் ஒரு ஷூவோடு உள்ளே வந்துவிட்டார். "அந்தப் பொண்ணு போயிடுச்சான்னு பாரு, இன்னொரு ஷூ வெளிய இருக்கு" என்றார்.

அடுத்தது ஓனர். அவர் சில நாட்களாக வாசலில் நாற்காலி போட்டு, யாரோடும் பேசாமல், கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியும் இருந்தது. அவள் மாடியிலிருந்து பார்த்து, இது மன அழுத்தம்தான் என்று முடிவு செய்து இறங்கி வந்தாள். எதிரே ஸ்டூல் போட்டு, வாழ்க்கை எவ்வளவு அழகானது, பிள்ளைகள் தூரத்தில் இருந்தாலும் அன்பு குறையாது, தனிமையை வாய் விட்டுச் சொல்லிவிட வேண்டும் என்று மிக நன்றாகவே பேசினாள். அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் எழுந்து ஓரமாகப் போய், வாயிலிருந்த பஞ்சைத் துப்பிவிட்டு, "கடவாப்பல்லு புடுங்கியிருக்கறன்மா" என்றார்.

இதையெல்லாம் சொல்லிச் சிரிக்கிறேனே தவிர, என் பையன் விஷயத்தில் நான் அவளைத்தான் முதலில் நம்பினேன். அவன் ஒரு வயது தாண்டியும் ஒரு வார்த்தை பேசவில்லை. கூப்பிட்டால் சில சமயம் பார்ப்பான், பல சமயம் பார்க்க மாட்டான். விளையாட்டில் இருக்கிறான் என்பார் கணவர். தங்கள் வீட்டில் எல்லாரும் லேட்டாகப் பேசியவர்கள் என்பார் மாமியார். நான் போனில் எதையாவது படித்துவிட்டு, படித்தது ஒவ்வொன்றும் அவனுக்கு இருப்பதாக நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். பயந்ததை வெளியே சொன்னால் நடந்துவிடுமோ என்று இன்னொரு பயம்.

யாரும் கேட்காமலே அவள் காரணம் கண்டுபிடித்தாள்.

"பாஷைக்கா. குழந்தை குழம்பிக் கெடக்குது. நீங்க தமிழு, ஆன்ட்டி தெலுங்கு, காய்காரரு கன்னடம், பக்கத்து போர்ஷன் பசங்க இந்தி. எதப் பேசறதுன்னு அவனுக்குத் தெரியல. இனிமே இவன்கிட்ட எல்லாரும் தமிழ்தான் பேசணும்."

எனக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொன்னால் புரியாது. பையனிடம் ஒன்றுமில்லை. குறை எல்லாம் ஓசூரிடம்தான். இந்த ஊரில் இருக்கிற எந்தத் தாயும் நம்பியிருப்பாள் என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

சட்டம் அன்று மாலையே அமலுக்கு வந்தது. பக்கத்து போர்ஷனில் இருந்த பீகார்ப் பையன்கள் ஷிப்டுக்குப் போகும்போதும் வரும்போதும், தவழ்ந்துகொண்டிருக்கும் என் மகனைப் பார்த்துக் கைகூப்பி "வணக்கம்" என்றார்கள். அவர்களுக்கு அவள் கற்றுக்கொடுத்த தமிழ் அவ்வளவுதான். காய்கறிக்காரர் "ஊட்ட ஆய்த்தா ராஜா?" என்று அவனைக் கேட்டதற்கு, "சாப்டியான்னு கேளுங்கண்ணா" என்று திருத்தினாள். அவர் எங்கள் வாசலில் வண்டியை நிறுத்துவதையே விட்டுவிட்டார். கத்தரிக்காய்க்கு நான் அடுத்த தெரு போக வேண்டியதாயிற்று. ஓனரம்மாதான் ரொம்பக் கஷ்டப்பட்டார்.

"நா பங்காரம்னு கொஞ்சறதுக்குத் தமிழ்ல என்ன?"

"என் தங்கம்னு சொல்லுங்க ஆன்ட்டி."

"அது நகைக்கடைல கேக்கற மாதிரி இருக்குது. எனக்கு வரல போ."

அதன் பிறகு அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டு, அவன் கன்னத்தைத் தொட்டு, விரலை ஆட்டி, புருவத்தைத் தூக்கி மட்டும் கொஞ்சினார். அவன் எப்போதும் போலவே சிரித்தான்.

மாதங்கள் போயின. பையன் தமிழும் பேசவில்லை.

ஆனால் காது கேட்கவில்லை என்ற எண்ணம் மட்டும் யாருக்கும் வரவில்லை. அதற்கு வலுவான காரணம் இருந்தது. எங்கள் வீட்டுப் பின்சுவரை ஒட்டி ஒரு சின்ன பிரஸ் ஷாப். தகட்டை வைத்து மெஷின் ஓங்கி அடிக்கும். ஒவ்வொரு அடிக்கும் வீட்டில் டம்ளர் நகரும். மெஷின் ஆரம்பித்ததும் அவன் விளையாட்டை விட்டுவிட்டு அந்தச் சுவர்ப் பக்கம் திரும்புவான். உள்ளங்கையைத் தரையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் கெக்கலிப்பான். "பிரஸ் சத்தம் இவனுக்குப் பாட்டு மாதிரி. அப்பன் வேலைக்கே போவான்" என்று கணவர் பெருமையாகச் சொல்வார். கதவைத் தட்டினாலும் பார்ப்பான், தட்டு கீழே விழுந்தாலும் பார்ப்பான். வேறு என்ன வேண்டும்?

அவளுடைய கடைசிப் பருவத்தில் களப்பணிக்காக அதே சபையின் சிஸ்டர்கள் நடத்தும் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கு அனுப்பினார்கள். போய் வந்தவள் கொஞ்ச நாள் கையை ஆட்டி ஆட்டிப் பேசினாள். வழக்கம்போலக் காம்பவுண்டு முழுவதற்கும் அது தெரிந்தது. பிறகு படிப்பு முடிந்து கல்லூரியிலேயே நடத்தும் பட்டமளிப்பு விழா வந்தது. அவள் அம்மாவுக்கு கேன்டீனில் லீவு கிடைக்கவில்லை. "நீங்க வாங்கக்கா, எனக்கு யாருமில்லன்னு நினைச்சிப்பாங்க" என்றாள். பையனைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அந்தக் கல்லூரியில் ஒரு வழக்கம் இருந்தது. பட்டம் வாங்கும் ஒவ்வொரு பெண்ணும் மைக் முன்னால் நின்று, தான் படித்ததை யாருக்குக் கொடுக்கப் போகிறாள் என்று ஒரே வரியில் சொல்ல வேண்டும். சொன்னதும் கீழே உட்கார்ந்திருக்கும் வயதான சிஸ்டர் ஒருவர் பூசையில் அடிப்பது போன்ற கைமணியை அடிப்பார். கூட்டம் கை தட்டும். அதன் பிறகுதான் பட்டம்.

எங்களுக்குக் கிடைத்த நாற்காலி அந்த மணிக்கு நேர் பின்னால். கூரான சத்தம். ஒவ்வொரு முறையும் எனக்கே தூக்கிவாரிப் போட்டது. "ஏழை எளிய மக்களுக்கு" என்றாள் ஒருத்தி, மணி. "என்னைப் படிக்க வைத்த பெற்றோருக்கு" என்றாள் இன்னொருத்தி, மணி. பக்கத்திலிருந்த அம்மாவின் கைக்குழந்தை அழுது அழுது ஓய்ந்தது. என் பையன் மடியில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

"குடுத்து வெச்சவங்க நீங்க. எங்களுது மூச்சு விட்டாலே எழுந்துக்குது" என்றார் அந்த அம்மா.

எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளையை நான் நன்றாக வளர்க்கிறேன் என்று யாராவது சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தவள் நான்.

அவள் அந்த ஒரு வரியை ஒரு வாரமாக மாடிப்படியில் நின்று ஒத்திகை பார்த்திருந்தாள். விளிம்புநிலை மக்கள், சமூக மாற்றம் என்றெல்லாம் வரும். எனக்கே மனப்பாடம். தன் முறை வருவதற்காக மேடையோரம் நின்றவள், எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கையசைத்தேன். அவள் அசைக்கவில்லை. மைக் முன்னால் வந்தாள், வாயைத் திறந்தாள், ஒத்திகை பார்த்த வரி வரவில்லை.

"எங்க கீழ் வீட்டுக்கு" என்றாள்.

அரங்கமே சிரித்தது. பட்டம் கொடுக்கும் சிஸ்டரும் சிரித்தார். மணி அடித்தது. என்னைத் திரும்பிப் பார்த்தவர்களிடம், நான்தான் அந்தக் கீழ் வீடு என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் குனிந்துகொண்டேன்.

விழா முடிந்து ஓடி வந்தவள் பட்டத்தைக் காட்டவில்லை. "ஒரு தடவகூட எழுந்துக்கலியாக்கா?" என்று கேட்டாள்.

"இல்ல. சமர்த்து."

 அவளுக்குப் பசியாக இருக்கும் என்று நினைத்து என் பையிலிருந்த பிஸ்கட்டைக் கொடுத்தேன். ஜெபம் சொல்லாமலே தின்றாள்.

சில நாள் கழித்து எங்கள் பகுதிக்குப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்தடை என்று அறிவித்தார்கள். பிரஸ் ஓடவில்லை. வீடு அசையாமல் நின்றது எனக்கே புதிதாக இருந்தது. அவள் ஒரு எவர்சில்வர் டம்ளரும் கரண்டியுமாக இறங்கி வந்தாள். பையன் தரையில் பொம்மைக் காரின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தான். அவள் ஓசைப்படாமல் அவனுக்குப் பின்னால் போய் நின்று, டம்ளரைக் கையில் பிடித்தபடியே தட்டினாள். பிறகு பலமாகத் தட்டினாள். ஓனரம்மா "ஏமாயிந்தி, என்னாச்சு?" என்று கேட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அவன் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருந்தான். கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, அவள் குதிகாலால் தரையை ஒருமுறை உதைத்தாள். அவன் திரும்பிச் சிரித்தான்.

"சத்தம் இல்லக்கா. அதிர்வுதான் அவனுக்குத் தெரியுது. பிரஸ்ஸும் அப்படித்தான். அந்தப் பள்ளிக்கூடத்துல பசங்க இப்படித்தான் திரும்புவாங்க." அவள் என்னைப் பார்க்காமல் பேசினாள். "நாளைக்கு கிருஷ்ணகிரிக்குக் கூட்டிட்டுப் போலாம். அங்க ஆஸ்பத்திரில காது டெஸ்ட் எடுக்கறாங்க."

எனக்குக் கோபம் வந்தது. பயம் அப்படித்தான் வெளியே வந்திருக்க வேண்டும்.

"பாஷைன்னு சொன்னது நீதான. ஓனருக்கு மன அழுத்தம்னு சொன்னதும் நீதான. நீ சொன்னதுல இதுவரைக்கும் எது சரியா இருந்திருக்கு?"

"ஒண்ணும் இல்லக்கா" என்றாள். "இதுவும் தப்பா இருந்தா நல்லாருக்கும். அதுக்காவது வாங்க."

கணவரிடம் சொன்னேன். "அவ சொன்னாங்கறதுக்காகவா போற?" என்று கேட்டார். பிறகு அவரே எழுந்து போய் பையனுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டுப் பார்த்தார். கைதட்டினார். விசிலடித்தார். வந்து, "போயிட்டு வா. நான் சொல்லி லீவு கேக்கறேன், கிடைக்கலன்னா நீங்க ரெண்டு பேரும் போங்க" என்றார். லீவு கிடைக்கவில்லை.

குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் வயர்களை ஒட்டிக் காதுக்குள் சத்தம் அனுப்பிப் பார்க்கும் பரிசோதனை அது. அவன் தூங்க மறுத்தான். புது இடம், வெள்ளைக்கோட்டு, நெற்றியில் பசை. என் முகத்தைப் பார்த்துப் பார்த்து அழுதான். ஒண்ணுமில்லடா, ஒண்ணுமில்லடா என்று நான் அவன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒருவழியாகத் தூங்கினான். முடிவைச் சொன்ன பெண் பொறுமையாகவே சொன்னார். இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிகவும் குறைவு. சீக்கிரம் வந்துவிட்டீர்கள், கருவி வைத்துப் பயிற்சி கொடுத்தால் முன்னேற்றம் இருக்கும். நான் அழுவேன் என்று நினைத்தேன். அழவில்லை. அடுத்து எங்கே போக வேண்டும், என்ன கொண்டுவர வேண்டும் என்று வரிசையாகக் கேட்டேன். அழுதது அவள்தான். சமூகப் பணிப் பட்டதாரி, துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றாள். அந்தப் பெண் அவளைத் தொட்டு, "தைரியமா இருங்கம்மா, நீங்கதான் குழந்தைக்குத் தைரியம் குடுக்கணும்" என்றார். நான்தான் அம்மா என்று அந்த இடத்தில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு நடந்தது நீளம். இரண்டு காதிலும் கருவி, வாராவாரம் பயிற்சி, அழுகை, மறுபடி பயிற்சி. இப்போது பையன் பள்ளிக்குப் போகிறான். கொஞ்சம் வாயாலும் கொஞ்சம் கையாலும் பேசுகிறான், இரண்டாலும் என்னோடு சண்டை போடுகிறான். அவள் சில மாதங்களில் வேறு மாவட்டத்தில் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். அங்கே யார் கேட்காமல் யாருக்கு என்ன சொல்லிக்கொண்டிருக்கிறாளோ. ஆனால் அவளை நினைத்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, அன்று கிருஷ்ணகிரியிலிருந்து திரும்பி வந்த பஸ்தான்.

குருபரப்பள்ளி வரும்வரை அவள் துப்பட்டா நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள். பையன் என் மடியில் நின்று ஜன்னல் வழியாக லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். நெற்றியில் பசை காய்ந்திருந்தது. பஸ் எங்காவது நின்றால் உடனே திரும்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மறுபடி அந்த வயர்களிடம் கொண்டுபோவேன் என்று நினைத்தானோ.

"எனக்குச் சைகை சொல்லிக்குடு" என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். அவளிடம் யாரும் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவளும் பார்த்திருக்க மாட்டாள்.

"எனக்கு அரகொறையாத்தான்க்கா தெரியும். கொஞ்ச நாள்தான அங்க இருந்தன். பாதி அந்தப் பசங்களே அவங்களுக்குள்ள வெச்சிக்கிட்டது. நல்லாத் தெரிஞ்சவங்க யாருகிட்டயாவது கேக்கலாம். தப்பாச் சொல்லிக் குடுத்துட்டன்னா?"

"ஓனருக்குக் கவுன்சிலிங் குடுத்தப்ப இந்தப் பயமெல்லாம் எங்க போச்சு?"

அவள் சிரித்துவிட்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாள்: "அது வேறக்கா. அவரு துப்பிட்டுப் போயிடுவாரு. இவன் அப்படியே புடிச்சிக்குவான்."

"தப்பாவே குடு. பின்னால யாராவது திருத்துவாங்க. இன்னைக்கு இவன்கிட்ட நான் ஒண்ணு சொல்லணும்."

"என்ன சொல்லணும்?"

எனக்கே தெரியவில்லை. அம்மா என்பதா, பயப்படாதே என்பதா. எது முதலில் சரியாக இருக்கும் என்று யோசித்தேன். பஸ் வேகம் குறைந்தது. பையன் என் கழுத்தைப் பிடித்தான்.

"வீட்டுக்குப் போறோம்னு சொல்லணும்."

அவள் பையனை வாங்கித் தன் மடியில் என் பக்கமாகத் திருப்பி உட்கார வைத்துக்கொண்டாள், என் இரண்டு கையும் காலியாக இருக்கட்டும் என்று. பிறகு அவன் தலைக்கு மேலே தன் கைகளைத் தூக்கி, விரல் நுனிகள் மட்டும் தொடும்படி கூரை மாதிரி சாய்த்துக் காட்டினாள். நான் செய்தேன்.

"ஏம்மா, எந்தக் கோயில் வந்துச்சு?" என்றார் பக்கத்தில் நின்ற கண்டக்டர்.

"கும்பிடற மாதிரி இருக்குதுக்கா. உள்ளங்கை ஒட்டக் கூடாது, விரியணும். இன்னும் கீழ, அவன் மூஞ்சிக்கு நேரா. உங்க மூஞ்சில பயம் இருக்கக் கூடாது, அதையும் சேத்துத்தான் படிப்பான்."

கையைச் சரி செய்தேன். முகத்தைச் சரி செய்ய முயன்றேன். பையன் லாரியிலிருந்து கண்ணை எடுத்து என் கைகளைப் பார்த்தான். வெகுநேரம் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் பிடித்துப் பிரித்து, உள்ளே என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்தான்.

"மறுபடி செய்ங்கக்கா" என்றாள் அவள்.

மறுபடி செய்தேன்.